முடித்த வேலைக்கு ஒரு நோட்டு

(பெங்களூரில் கட்டட வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்கான மாலை வகுப்பில் எழுத்தறிவுத் தொண்டர் ஒருவர் பேசியது.)



இன்று ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. துணி துவைக்க வேண்டும். கடைக்குப் போக வேண்டும். பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். அதற்கு நடுவிலும் வந்திருக்கிறீர்கள். அதனால் இன்று புதுப் பாடம் இல்லை. ஒரு நோட்டைப் பற்றிப் பேசப் போகிறேன்.

இதோ பாருங்கள். இதுதான் அந்த நோட்டு. அட்டை கிழிந்திருக்கிறது. ஓரத்தில் சிமெண்ட் கறை இருக்கிறது. இது என் அப்பாவின் நோட்டு.

என் அப்பா கொத்தனார் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா சித்தாள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பத்தாவது வரை படித்தேன். பெரிய படிப்பு இல்லை. வீட்டில் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அப்பா பேசாமல் நின்ற நாள்

அப்பா புது வீடு கட்டப் போவது குறைவு. பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்குத்தான் அதிகம் போவார். பசவனகுடி, மல்லேஸ்வரம் பக்கம் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல வீடுகளில் சிவப்புத் தரை இருக்கும். சிமெண்டோடு ரெட் ஆக்சைடு பொடி கலந்து போட்ட தரை. கரணையால் தேய்த்துத் தேய்த்து மினுக்க வேண்டும். பிறகு தண்ணீர் கட்டி ஆற விட வேண்டும். அவசரப்பட்டால் வெடிப்பு விடும். அந்த வேலை அப்பாவுக்குக் கைவந்த வேலை.

2018இல் ஒரு வீட்டுக்காரர் அப்பாவைக் கூப்பிட்டார். பழைய வீடு. தரை, குளியலறை, சமையலறை எல்லாம் புதுப்பிக்க வேண்டும். ஒன்றரை மாத வேலை. வீட்டுக்காரர் ஒன்றுதான் கேட்டார்.

"இதற்கு முன்னால் நீங்கள் செய்த வேலையைக் காட்டுங்கள்."

கேட்டதில் தப்பு இல்லை. நாம் கத்தரிக்காய் வாங்கினால்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறோம்.

அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு போனார். முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் இருந்தார்கள். கதவுக்கு வெளியிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வீடு அங்கே இல்லவே இல்லை. இடித்துவிட்டு நாலு மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் முழுக்கச் சுற்றினார்கள். அப்பா செய்த வேலையில் ஒரு சாண் தரையைக்கூடக் காட்ட முடியவில்லை.

நாலு நாள் கழித்து அப்பா மறுபடியும் போனார். வீட்டுக்காரர் ஒரு கலர் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ஒரு காண்ட்ராக்டர் கொடுத்துவிட்டுப் போன புத்தகம்.

"இவர் எவ்வளவு வேலை செய்திருக்கிறார், பாருங்கள்" என்றார்.

அப்பா புரட்டிப் பார்த்தார். ஐந்தாம் பக்கத்தில் ஒரு சிவப்புத் தரை. சுற்றிலும் கறுப்புக் கரை. மூலையில் நாலு இதழ்ப் பூ. அந்தப் பூவை நூல் பிடித்துக் கீறியது அப்பா. அந்தத் தரையைத் தேய்த்தவர்கள் அப்பாவும் அம்மாவும்.

"சார், இது நான் போட்ட தரை" என்றார் அப்பா.

"அப்படியா? உங்களிடம் படம் இருக்கிறதா?"

அப்பா பேசாமல் நின்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காண்ட்ராக்டர் எடுத்த வேலைதான் அது. அப்பா அவரிடம் கூலிக்குத்தான் செய்தார். அவர் படம் எடுத்தது குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். எடுத்துவைக்க அவருக்குத் தோன்றியது. நமக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒன்றரை மாதமும் அப்பா காலையில் கூலி ஆட்கள் நிற்கும் முனையில் போய் நின்றார். சில நாள் வேலை கிடைத்தது. பல நாள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே திரும்பி வந்தார். முப்பது வருட வேலை தெரிந்த மனிதர். அவரை முந்தாநாள் வந்த ஆள்போல எல்லோரும் பார்த்தார்கள். ஏன்? சாட்சி இல்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த நோட்டு.

புதுப்பிக்கும் வேலை மறைந்துபோகும் வேலை

புது வீடு கட்டினால் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும். புதுப்பிக்கும் வேலை அப்படி இல்லை. அதில் இரண்டு விஷயம் மறைந்துபோகிறது.

ஒன்று, பழைய குறை. ஓதம் ஏறிய சுவரை நாம் சரி செய்கிறோம். சரி செய்த பிறகு ஓதம் இருந்ததே மறந்துபோகும். "என்ன பெரிய வேலை? சுவர் பூசினார்கள்" என்பார்கள்.

இரண்டு, உள்ளே செய்த வேலை. குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பூச்சைக் கொத்தி எடுக்கிறோம். குழாய் மாற்றுகிறோம். தண்ணீர் இறங்காமல் இருக்க மருந்து பூசுகிறோம். வாட்டம் கொடுத்துத் தளம் போடுகிறோம். கடைசியில் டைல்ஸ் ஒட்டுகிறோம். வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிவது டைல்ஸ் மட்டும்தான். உண்மையான உழைப்பு எல்லாம் டைல்ஸுக்கு அடியில் கிடக்கிறது. நல்ல கொத்தனார் போட்ட டைல்ஸும் மோசமான ஆள் போட்ட டைல்ஸும் முதல் நாள் ஒன்றுபோலத்தான் இருக்கும். மழைக்காலத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

அதனால் வேலை முடிந்த பிறகு ஒரு படம் எடுத்தால் போதாது. நாலு நேரத்தில் எடுக்க வேண்டும்.

நாலு படம்

முதல் படம்: வேலை தொடங்கும் முன். கரணை வைப்பதற்கு முன்னால் எடுங்கள். வெடிப்பு, ஓதம், உடைந்த டைல்ஸ் எல்லாம் தெரிய வேண்டும். இந்தப் படம் பின்னால் சண்டை வராமலும் காக்கும். "இந்தக் கதவில் கீறல் நீங்கள் போட்டதா?" என்று கேட்டால் காட்டலாம்.

இரண்டாவது படம்: மூடும் முன். இதுதான் மிக முக்கியம். சுவருக்குள் குழாய் போகிறதா? பூசும் முன் எடுங்கள். தரைக்கு அடியில் மருந்து அடித்தீர்களா? டைல்ஸ் ஒட்டும் முன் எடுங்கள். டேப்பை விரித்துப் பக்கத்தில் வைத்து எடுங்கள். குழாய் மூலையிலிருந்து எத்தனை அங்குலம் என்று தெரியும். நாளைக்கு அந்தச் சுவரில் ஆணி அடிக்கும் எலக்ட்ரீசியனுக்கும் உதவும்.

குளியலறையில் தண்ணீர் கட்டிப் பார்ப்போம் அல்லவா? நானி டிராப் வாயைச் சாக்கு வைத்து அடைக்கிறோம். தண்ணீர் நிரப்புகிறோம். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒரு படம் எடுங்கள். 24 மணி நேரமாவது தண்ணீர் நிற்கட்டும். 48 மணி நேரம் நின்றால் இன்னும் நல்லது. பிறகு இன்னொரு படம் எடுங்கள். கீழ் வீட்டு மேற்கூரையையும் போய்ப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் அதையும் படம் எடுங்கள். இதைவிடப் பெரிய விளம்பரம் வேறு இல்லை.

மூன்றாவது படம்: வேலை முடிந்த பிறகு. முதல் படத்தை எந்த இடத்தில் நின்று எடுத்தீர்களோ அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாற்றம் தெரியும். அப்பா ஒரு வழி வைத்திருக்கிறார். வாசல் நிலையில் முதுகை ஒட்டி நின்றுதான் எப்போதும் எடுப்பார். இடம் மாறாது.

நாலாவது படம்: ஒரு மழைக்காலம் கழித்து. பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மழை தாண்டட்டும். வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். "சார், மழைக்குத் தாங்கியதா? வந்து பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். போய்ப் பார்த்து ஒரு படம் எடுங்கள். வேலை முடித்துக் காசு வாங்கியவர் திரும்பிப் போய்க் கேட்பது அபூர்வம். அந்தப் போனுக்கே இரண்டு புது வேலை வந்த கதை உண்டு.

படம் எடுக்கும் முறை

நல்ல போன் இல்லையே என்று கவலை வேண்டாம். இருக்கிற போனே போதும். சில விஷயங்களைப் பாருங்கள்.

போனின் கேமராக் கண்ணைத் துணியால் துடையுங்கள். நம் கையில் எப்போதும் சிமெண்ட் தூசி இருக்கும். துடைக்காவிட்டால் படம் பனி மூடியதுபோல வரும்.

பகலில் எடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். டைல்ஸுக்கு நேராக ஃபிளாஷ் போடாதீர்கள். வெளிச்சம் திருப்பி அடிக்கும்.

வாளி, சட்டி, சாக்கு, டீ டம்ளர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். தரையைக் கூட்டித் துடைத்துவிட்டு எடுங்கள்.

போனை நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் நேரான சுவரும் கோணலாகத் தெரியும். ரசமட்டம் வைத்துக் கட்டிய சுவரைப் படத்தில் நாமே சாய்த்துவிடக் கூடாது.

அறை முழுவதும் தெரிய ஒரு படம். மூலை, ஓரம், இணைப்பு தெரியக் கிட்டத்தில் ஒரு படம். வேலை தெரிந்தவர்கள் மூலையைத்தான் பார்ப்பார்கள்.

படத்தை மினுக்க வைக்கும் வசதி போனில் இருக்கிறது. அதைத் தொட வேண்டாம். படத்தில் தரை ஒரு நிறம், நேரில் ஒரு நிறம் என்றால் பொய் சொன்னதாக ஆகும்.

நோட்டில் என்ன எழுதுவது?

படம் மட்டும் இருந்தால் ஆறு மாதத்தில் எந்த வீடு என்றே மறந்துவிடும். அதனால் நோட்டு வேண்டும். ஒரு வேலைக்கு ஒரு பக்கம். அப்பாவின் நோட்டிலிருந்து ஒரு பக்கம் வாசிக்கிறேன்.

"வேலை: குளியலறை புதுப்பித்தல்.
இடம்: மாடி வீடு, பசவனகுடி.
அளவு: நீளம் 8 அடி, அகலம் 5 அடி. தரை 40 சதுர அடி.
குறை: கீழ் வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டியது.
காரணம்: நானி டிராப் ஓரத்தில் வெடிப்பு. வாட்டம் கதவுப் பக்கம் இருந்தது.
செய்தது: பழைய தளம் எடுத்தோம். நானி டிராப் மாற்றினோம். மருந்து இரண்டு கோட். வாட்டம் மாற்றிப் போட்டோம். டைல்ஸ் ஒட்டினோம்.
சோதனை: தண்ணீர் 48 மணி நேரம் நின்றது. கீழே ஈரம் இல்லை.
நாள்: 11.
காண்ட்ராக்ட்: நேரடி வேலை."

கணக்கு கவனித்தீர்களா? 8 அடியை 5 அடியால் பெருக்கினால் 40 சதுர அடி. ஓர் அடிக்கு ஓர் அடி டைல்ஸ் என்றால் 40 வேண்டும். வெட்டுவதில் உடையும். நூற்றுக்குப் பத்து கூடுதலாக வாங்க வேண்டும். 40க்கு 4. மொத்தம் 44 டைல்ஸ். அடுத்த வீட்டில் இதே அளவு வேலை வந்தால் நோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கடைசி வரியையும் பாருங்கள். "நேரடி வேலை" என்று இருக்கிறது. காண்ட்ராக்டரிடம் செய்த வேலை என்றால் அப்படியே எழுத வேண்டும். "காண்ட்ராக்டர் எடுத்த வேலை. தரை மட்டும் நான் செய்தேன்." இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. செய்ததைச் செய்தேன் என்று சொன்னால் போதும். செய்யாததைச் சேர்க்க வேண்டாம்.

வீட்டுக்காரர் சொன்னதையும் எழுதுங்கள். "நல்லா இருக்கு" என்று எல்லோரும்தான் சொல்வார்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். "முன்னால் என்ன தொல்லை இருந்தது? இப்போது எப்படி இருக்கிறது?" அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். ஒரு பாட்டி சொன்னது இந்த நோட்டில் இருக்கிறது: "முன்னே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளிப்பேன். இப்போது தண்ணீர் தேங்குவதில்லை. வழுக்குகிற பயம் போய்விட்டது." எந்த விளம்பரக்காரரால் இப்படி எழுத முடியும்?

"என் பேர் எங்கே?"

இப்போது என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இந்த நோட்டின் முதல் பக்கத்தை எழுதியது நான். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். வேலை ஆட்கள் என்ற இடத்தில் "கொத்தனார் 1, சித்தாள் 2" என்று எழுதினேன்.

அம்மா அப்போதுதான் இதுபோன்ற வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தார். நோட்டை வாங்கி விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பக்கம் முழுவதும் படித்தார். பிறகு கேட்டார்.

"இதில் நான் எங்கே இருக்கிறேன்?"

"இதோ அம்மா, சித்தாள் 2 என்று இருக்கிறதே. அதில் ஒருவர் நீங்கள்தான்."

"ரெண்டு என்பது என் பேரா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் பெயர் எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். என் அம்மா பெயரை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்தத் தரையில் கடைசி மினுக்கு ஏற்றியது அம்மாவின் கை. கல் தூக்குவது மட்டும்தான் சித்தாள் வேலை என்று நானும் நினைத்துவிட்டேன்.

அம்மாவே பேனாவை வாங்கினார். "2" என்பதை அடித்தார். தன் பெயரை எழுதினார். கூட வேலை செய்த அத்தையின் பெயரையும் எழுதினார். பக்கத்தில் "தரை தேய்த்தோம்" என்று எழுதினார். ற்று, த்து எல்லாம் குழம்பியிருக்கிறது. நான் திருத்தவில்லை. அப்படியே இருக்கிறது. வேண்டுமானால் வந்து பாருங்கள்.

செய்த வேலையில் பெயர் எழுதுவது புதுப் பழக்கம் அல்ல. நம் கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்தில் பேலூர் சென்னகேசவர் கோயில் இருக்கிறது. ஒய்சள மன்னர் விஷ்ணுவர்த்தனர் காலத்தில் 1117இல் எழுந்த கோயில். அங்கே பல சிலைகளின் அடியில் செதுக்கியவர் பெயர் வெட்டியிருக்கிறது. பள்ளிகாவி ஊர் தாசோஜா என்ற சிற்பி, அவர் மகன் சாவணா என்ற சிற்பி. ஊர்ப் பெயரோடு வெட்டியிருக்கிறார்கள். 900 வருடம் ஆகிவிட்டது. இன்றும் அவர்கள் பெயர் தெரிகிறது. உளி பிடித்தவர் கல்லில் எழுதினார். கரணை பிடித்தவர் நோட்டில் எழுதக் கூடாதா?

ஆகவே, அண்ணன்மார்களே, நீங்கள் மேஸ்திரியாக இருந்தால் உங்களோடு வேலை செய்தவர்கள் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். படங்களை அவர்களுக்கும் அனுப்புங்கள். அக்காமார்களே, யாரும் எழுதாவிட்டால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கிழிக்காத பக்கம்

இந்த நோட்டில் ஒரு பக்கத்தில் நிறைய அடித்தல் திருத்தல் இருக்கிறது. அது ஒரு மொட்டை மாடி வேலை. ஒழுகலை அடைத்தார்கள். முடித்துக் காசும் வாங்கினார்கள். முதல் மழையிலேயே மழைத் தண்ணீர்க் குழாய் ஓரத்தில் மறுபடியும் ஒழுகியது. குழாயைச் சுற்றி மருந்து சரியாக ஏறவில்லை. அப்பா போனார். கொத்தி எடுத்து மறுபடியும் செய்தார். இரண்டு நாள் கூலி இல்லை. அதையும் நோட்டில் எழுதினார்.

"அப்பா, இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா?" என்று கேட்டேன்.

"கிழித்தால் மற்ற பக்கத்தை யார் நம்புவார்கள்?" என்றார்.

பிறகு ஒரு வீட்டம்மா நோட்டைப் புரட்டும்போது அந்தப் பக்கத்தில் நின்றார். என்ன என்று கேட்டார். அப்பா நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா உடனே பெரிய வேலை ஒன்றும் தரவில்லை. குளியலறை மட்டும் கொடுத்தார். ஒரு மழைக்காலம் பார்த்தார். பிறகுதான் சமையலறைக்குக் கூப்பிட்டார். நம்பிக்கை அப்படித்தான் வரும். கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

அடுத்தவர் வீடு

படம் எடுக்கும் ஆசையில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. வேலை நம்முடையது. வீடு அவர்களுடையது. கேட்காமல் எடுக்கக் கூடாது. வேலை பேசும்போதே கேட்டுவிடுங்கள். "சார், செய்த வேலையை மட்டும் படம் எடுத்துக்கொள்ளலாமா? மற்றவர்களுக்குக் காட்டலாமா?" இரண்டும் தனித்தனிக் கேள்வி. எடுக்கச் சம்மதித்தவர் காட்டச் சம்மதிக்காமல் இருக்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

வீட்டு மனிதர்கள், குழந்தைகள் படத்தில் வரக் கூடாது. பீரோ, பூட்டு, கண்காணிப்புக் கேமரா இருக்கும் இடம் வரக் கூடாது. வாசல் எண், வண்டி எண் வரக் கூடாது. காட்டும்போது "பசவனகுடியில் ஒரு வீடு" என்று சொன்னால் போதும்.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் புது அலமாரியைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். வீடு காலி என்பதும் ஸ்டேட்டஸைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. திருட்டு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வீட்டுக்காரருக்குக் கோபம். அந்தக் கோபம் நியாயம்தானே?

எப்படிக் காட்டுவது?

யாராவது வேலை விசாரித்தால் ஐம்பது படம் அனுப்பாதீர்கள். பார்க்க மாட்டார்கள். அவர்கள் கேட்ட வேலை எதுவோ அதற்கு மட்டும் மூன்று படம். முன்னால், மூடும் முன், முடிந்த பின். கீழே மூன்று வரி. என்ன குறை, என்ன செய்தோம், எத்தனை நாள். அவ்வளவுதான்.

நேரில் காட்ட நல்ல படங்களை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வையுங்கள். போன் தண்ணீரில் விழலாம். தொலையலாம். ஆல்பமும் நோட்டும் இருக்கும்.

கூகுள் மேப்பில் தொழில் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. சேர்த்துத் தருகிறேன், பணம் கட்டு என்று யாராவது போனில் கேட்டால் கட்டாதீர்கள். போனுக்கு வரும் ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

அடுத்தவர் செய்த வேலையின் படத்தை நம் வேலை என்று காட்டவே காட்டாதீர்கள். அப்பா அன்று அந்தப் புத்தகத்துக்கு முன்னால் எப்படி நின்றார் என்று சொன்னேன். இன்னொருவரை நாம் அப்படி நிற்க வைக்கக் கூடாது.

நோட்டுக்கு இன்னொரு பயன்

கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய என்ன வேண்டும்? 18 வயது முடிந்திருக்க வேண்டும். 60 வயது ஆகியிருக்கக் கூடாது. கடந்த 12 மாதத்தில் 90 நாளாவது கட்டட வேலை செய்திருக்க வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது வந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே 90 நாள்தான். பழுது பார்ப்பதும் மாற்றிக் கட்டுவதும் கட்டட வேலைதான்.

நோட்டு மட்டும் சான்றிதழ் ஆகாது. 90 நாள் சான்றிதழை வாரியம் சொல்கிறவர்களிடம்தான் வாங்க வேண்டும். ஆனால் "எங்கே வேலை செய்தாய்? எத்தனை நாள்?" என்று கேட்டால் தலையைச் சொறிய வேண்டாம். நோட்டைத் திறந்து நாளைக் கூட்டிச் சொல்லலாம். கூலி பாக்கி வைத்தவரிடம் கணக்குக் கேட்கவும் இதே நோட்டு உதவும்.

முடிவாக

அன்று போன ஒன்றரை மாத வேலை திரும்ப வரவில்லை. அந்தக் கலர் புத்தகம் இன்னும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். நாலு இதழ்ப் பூவும் அதில் இருக்கும். அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அப்பா போட்ட ஒவ்வொரு தரையும் இந்த நோட்டில் இருக்கிறது. இப்போது யாராவது "செய்த வேலையைக் காட்டுங்கள்" என்று கேட்டால் அப்பா பஸ் ஏறிச் சுற்றுவதில்லை. பையிலிருந்து நோட்டை எடுக்கிறார். அம்மா பக்கத்தில் இருந்தால் அம்மாதான் பக்கம் புரட்டுகிறார்.

நாளைக்கு வரும்போது 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி வாருங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் கடைசியாக முடித்த வேலையை எழுதுவோம். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும். சேர்ந்து திருத்திக்கொள்வோம். அளவு மட்டும் தப்பக் கூடாது.



சேர்ந்து பேசுவோம்

1. நீங்கள் கடைசியாக முடித்த வேலையில் இப்போது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருப்பது எது?
2. ஒரு சமையலறை நீளம் 10 அடி, அகலம் 7 அடி. தரை எத்தனை சதுர அடி? ஓர் அடி டைல்ஸ், உடைவதையும் சேர்த்து எத்தனை வாங்க வேண்டும்?
3. உங்களோடு அந்த வேலையைச் செய்தவர்கள் யார் யார்? எல்லோர் பெயரையும் எழுதுங்கள்.